நீ போட்ட வட்டமும் ரோசம்மாள் போட்ட இரண்டு படியும்

தம்பி,

நீ பாடம் எடுத்த அன்றைக்குக் கேண்டீன் ஹாலில் இருந்தவர்களை ஒருவர் விடாமல் சொல்லுகிறேன், சரியா என்று பார்த்துக்கொள். மின்விசிறிக்கு நேர்கீழே மானேஜர் ரங்கநாதன். அவருக்குப் பக்கத்தில் ஸ்டோர்ஸ் குப்புசாமி, வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு. அடுத்து டைம் ஆபீஸ் தனபால், யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள் என்று கார்டு பார்க்கிறவன். லேத் பிரிவு சூப்பர்வைசர் செல்வராஜ். சாமான் வாங்கும் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த கீதா என்கிற பெண். சுவரோரமாக, முந்தானையில் கையைத் துடைத்தபடி, தலைமைச் சமையல்காரி ரோசம்மாள். டீ கெட்டிலோடு நான். கரும்பலகைக்கு முன்னால், நான் இஸ்திரி போட்டுக் கொடுத்த வெள்ளைச் சட்டையில், நீ. இவர்களில் ஒருவரை மட்டும் நான் இன்னும் மன்னிக்கவில்லை. அது யார் என்று உனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அதனால்தான் ஒரு மாதமாக என் முகத்தை நேரே பார்க்காமல் பெட்டி கட்டுகிறாய். வெள்ளிக்கிழமை நீயும் மருமகளும் பேத்தியும் சிங்கப்பூருக்கு விமானம் ஏறப்போகிறீர்கள். தப்பாக நினைத்துக்கொண்டு ஏறாதே என்றுதான் இதை எழுதுகிறேன். நேரில் சொன்னால் நீ பாதியில் "விடும்மா" என்பாய். கடிதத்தில் அது முடியாது.

நான் வேலை பார்க்கிற கம்பெனிக்கே நீ வந்து பாடம் எடுக்கப்போகிறாய் என்று சொன்ன அன்று நான் நம்பவில்லை. மண்ணூர்பேட்டை வீட்டு வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். "ஈ.ஆர்.பி.ன்னா இன்னாடா? வாய்ல நொழையல" என்றேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து, "நம்ம தெருவுக்குத் தண்ணி லாரி வருதுல்ல. நாளைக்கு வராதுன்னு ஒரு பேச்சு கெளம்புது. நீ என்ன பண்ணுவ?" என்று கேட்டாய். ரெண்டு கொடம் சேர்த்துப் பிடிப்பேன் என்றேன். "எல்லாரும் சேத்துப் புடிச்சா?" "பின்தெருவுக்குப் போறதுக்குள்ள லாரி காலி." "பின்தெருக்காரங்க என்ன பண்ணுவாங்க?" "நாளைக்கு நம்ம தெரு முனையிலயே லாரிய மறிப்பாங்க. அந்த டெய்லர் பொண்டாட்டிதான் மொத ஆளா நிப்பா." "அவங்க கெட்டவங்களா?" "அதுல இன்னா சந்தேகம்?" நீ சிரித்தாய். "இல்லம்மா. லாரில எவ்ளோ இருக்குன்னு அவங்களுக்குத் தெரியாது. அவங்க ட்ரம்ல எவ்ளோ இருக்குன்னு உனக்குத் தெரியாது. தெரியாததாலதான் ரெண்டு பேரும் கூடப் புடிக்கிறீங்க. கம்பெனியிலயும் அதேதான். ஸ்டோர்ஸ்ல இருக்கறது பர்சேஸுக்குத் தெரியாது, பர்சேஸ் வாங்கறது லேத்துக்குத் தெரியாது. எல்லாருக்கும் ஒரே நேரத்துல தெரியற மாதிரி கம்ப்யூட்டர்ல பண்றதுதான் என் வேலை." தெரிந்தாலும் அவள் சண்டை போடுவாள் என்றேன். ஆனால் எனக்குப் புரிந்துவிட்டது. வேலப்பன்சாவடிப் பக்கத்துக் கல்லூரிக்கு இரண்டு பஸ் மாறிப் போய் நீ என்ன படித்தாய் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அன்றைக்குத் தெரிந்தது.

பாடத்தன்று நீ கம்ப்யூட்டரைத் திறக்கவே இல்லை. கேண்டீன் மேசைகளை வரிசையாகப் போடச் சொன்னாய். என்னிடம் இருந்த எவர்சில்வர் டம்ளர்களையெல்லாம் கேட்டு வாங்கினாய். செல்வராஜுக்கு டம்ளர் வேண்டும், அவர் குப்புசாமியிடம் சீட்டில் எழுதிக் கேட்கவேண்டும், குப்புசாமி கீதாவிடம், கீதா வெளியூர் வியாபாரியாக நடிக்கும் தனபாலிடம். வாய் திறக்கக் கூடாது, சீட்டு மட்டும்தான். செல்வராஜின் காதில் நீ ஏதோ சொன்னாய். அவர் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூட்டிக் கேட்டார். அவ்வளவுதான். குப்புசாமி கைக்கு இருக்கட்டும் என்று கொஞ்சம் ஏற்றி எழுதினார். கீதா அதற்கு மேல் ஏற்றினாள். வந்து சேரத் தாமதமானதும் பயந்துபோய் எல்லாரும் மறுபடி ஏற்றினார்கள். செல்வராஜ் மேசை முதலில் காலி. பிறகு பார்த்தால் குப்புசாமி மேசையில் டம்ளர் மேல் டம்ளர், சரிந்து தரையெல்லாம் உருண்டது. வாய் திறக்கக் கூடாது என்பதை மறந்துவிட்டார்கள். "யோவ், யார்யா உன்ன இவ்ளோ அனுப்பச் சொன்னது?" "நீதான்யா எழுதிக் குடுத்த, உன் கையெழுத்தப் பாரு, கோழி கிண்டனா மாறி!" "சார், இந்தாளு வியாபாரம் பண்ணா ஊரே திவால்." மானேஜர்கூட வயிறு குலுங்கச் சிரித்தார். நீ அவர்கள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, பலகையில் பெரிய எழுத்தில் எழுதினாய்: ஆளைத் தேடாதே, அமைப்பைப் பார். பிறகு ஒரு வட்டம் போட்டு, அதற்குள் ஒவ்வொரு பிரிவின் பேரையும் எழுதி, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு அம்புக்குறி வரைந்தாய். நான் உருண்ட டம்ளரைப் பொறுக்குவதுபோல் கீழே குனிந்துகொண்டேன். என் கண் கலங்கியதை அந்தத் தனபால் பார்த்தால் ஊரெல்லாம் சொல்லுவான்.

அங்கேயே நீ நிறுத்தியிருக்கலாம். வாழ்க்கையிலிருந்து ஓர் உதாரணம் வேண்டும் என்று ரோசம்மாள் பக்கம் திரும்பினாய். "அத்தை, காலைல டைம் ஆபீஸ்லேர்ந்து எத்தன பேர் சாப்பாடுன்னு சொல்லி அனுப்புவாங்கல்ல. அந்த எண்ணிக்கைக்குத்தான் உல வைப்பீங்களா?" அவள் முகத்தைப் பார்க்கவேண்டுமே. தன் தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை, மானேஜர் முன்னால், தன்னைக் கேட்கிறான். "யார்னா அப்டி வைப்பாங்களா நைனா? ரெண்டு படி கூடப் போடுவேன். தனபாலு கணக்க நம்பினா பாதிப் பேரு பட்டினி." ஹாலே சிரித்தது. நீயும் சிரித்துக்கொண்டே, "மிச்சமாகாதா?" என்றாய். நான் உன் முதுகுக்குப் பின்னால் நின்று வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள், பார்த்தும் சொன்னாள். "மிச்சம் இன்னாத்துக்கு ஆவுது? வெளிய இரும்புச் சுருள் அள்றதுங்க கீதே, அதுங்களுக்குப் பின்வாசல்ல ஆளுக்கொரு கரண்டி." நீ உற்சாகமாகிவிட்டாய். "பாருங்க, அத்தை மேல தப்பே இல்ல. எண்ணிக்கை சரியா வரும்னு நம்பிக்கை இல்லாததாலதான் ரெண்டு படி கூடப் போகுது. டைம் ஆபீஸ் கார்டும் கேண்டீனும் ஒண்ணா இணைஞ்சா அந்த ரெண்டு படி தேவையே இல்ல" என்று சொல்லி, வட்டத்துக்குள் கேண்டீன் என்று எழுதி ஓர் அம்பும் போட்டாய். கைதட்டினார்கள். மானேஜர் தலையை மட்டும் ஆட்டினார். சுருள் அள்ளுகிறவர்களுக்குப் பலகையில் இடமில்லை.

லேத்தில் இரும்பைச் சீவும்போது சுருள் சுருளாக விழும். கத்தி மாதிரி இருக்கும். அதைக் கூடையில் வாரி வெளியே கொட்டுவதற்கு காண்ட்ராக்டர் பெண்களைக் கொண்டுவருவான். அவர்களுக்குக் கார்டு கிடையாது, கேண்டீன் டோக்கன் கிடையாது. கம்பெனிக் கணக்கில் அப்படி ஒரு ஆளே கிடையாது. உனக்கு நான் சொல்லாத ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். எண்பத்து நான்கில் உன் அப்பா போன பிறகு நான் அந்தக் கம்பெனிக்குள் நுழைந்தது கேண்டீன் வேலைக்கு இல்லை, சுருள் அள்ளத்தான். முதல் நாள் மதியம் மற்றப் பெண்கள் பின்வாசலில் தட்டோடு நின்றார்கள். நான் தள்ளி நின்றேன். கரண்டியும் கையுமாக ஒருத்தி வந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இன்னாமே, புதுசா? தட்டு கீதா?" இல்லை என்றேன். "வாய் கீதுல்ல? அப்ப டப்பா மூடிய நீட்டு. வெக்கப்பட்டா வவுறு ரொம்பாது." அந்த மூடியில் அவள் போட்ட சோறுதான் உன் அப்பா போனதற்குப் பிறகு நான் வயிறு நிறையத் தின்ற முதல் சோறு. சாயங்காலம் மிச்சத்தை ஒரு தூக்கில் போட்டு, "ஊட்ல புள்ள கீதாமே" என்று கையில் திணித்தாள். கேண்டீனில் எனக்கு வேலை கேட்டு வாங்கிக் கொடுத்தவள் அவள்தான். அவள் குடியிருந்த வீட்டில் பக்கத்துப் போர்ஷனை நமக்குப் பிடித்துக் கொடுத்தவளும் அவள்தான். நீ வளர்ந்தது அந்த இரண்டு படியில்.

நாங்கள் சினேகிதமாக இருந்தோம் என்று நீ எல்லாரிடமும் சொல்லுகிறாய். சினேகிதம் என்ன சினேகிதம், தினம் சண்டைதான். என் கோலம் அவள் வாசலுக்கு வந்துவிட்டது என்று ஒரு நாள். அவள் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் என் கொடிக்கயிற்றை இடிக்கிறது என்று ஒரு நாள். அவள் பண்டிகைக்குப் பிசைந்து சுட்ட கலகலாப் பலகாரத்தை நான் கல் என்று சொன்னதற்கு ஒரு வாரம். ஆனால் இரண்டு போர்ஷனுக்கும் நடுவில் இடுப்புயரச் சுவர் இருந்தது அல்லவா, சண்டை போட்ட மறுநாள் காலையில் யார் முதலில் எழுந்தாலும் அந்தச் சுவரின் மேல் ஒரு டம்ளர் காபி வைத்துவிட்டுப் போய்விடுவோம். பேசமாட்டோம். குடித்துவிட்டுக் கழுவித் திருப்பி வைத்தால் சண்டை முடிந்தது என்று அர்த்தம். சொல்லி வைத்துக்கொண்ட வழக்கம் இல்லை, தானாக வந்தது. உன் பாஷையில் சொன்னால், அங்கே ஓர் அம்பு போகும், ஓர் அம்பு வரும்.

தை மாதம் கம்ப்யூட்டர் ஓட ஆரம்பித்தது. காலையில் எத்தனை கார்டு விழுகிறதோ அத்தனை பேருக்கு அரிசி, ஒரு பிடி கூட இல்லை, ஒரு பிடி குறையவும் இல்லை. நீ சொன்னபடியே நடந்தது. தனபால் கணக்கில் பாதிப் பேர் பட்டினி என்று இனி யாரும் சொல்ல முடியாது. மதியம் பின்வாசலில் அந்தப் பெண்கள் தட்டோடு நின்றார்கள். ரோசம்மாள் அண்டாவைச் சாய்த்துக் காட்டினாள், சுரண்டின தடம்தான் இருந்தது. அவர்களில் மூத்தவள் முனியம்மா உள்ளே எட்டிப் பார்த்து, "ஏன்க்கா, எங்களுக்கும் வவுறு கீதுன்னு அந்தக் கம்ப்யூட்டருக்கு யாரும் சொல்லலியா?" என்று கேட்டாள். இன்னொருத்தி, "அக்கா வாயாலதான்டி போச்சு. கேட்டா சொல்லிடறதா? பெரிய அரிச்சந்திரன் பேத்தி" என்றாள். நான் ரோசம்மாளின் வாயைப் பார்த்தேன். தினம் என்னோடு மல்லுக்கு நிற்கிறவள், அண்டாவை நிமிர்த்திக் கழுவப் போய்விட்டாள். மறுநாளிலிருந்து விடியற்காலையில் தன் வீட்டு அடுப்பில் சோறு வடித்து, இரண்டு தூக்கில் சுமந்துகொண்டு வந்தாள். அவள் முட்டிக்கு அந்தச் சுமை ஆகாது. "உங்கொப்பன் வூட்டு நெலமா கீது, தெனம் வடிக்க? மானேஜர் ரூமுக்குப் போய்க் கேளு. இல்லன்னா எம்புள்ளயக் கேளு, கத்து, நாலு கேள்வி கேளு" என்று நான் கத்தினேன். "அவன இன்னாமே கேக்கறது? அவன் இன்னா தெரிஞ்சா பண்ணான்?" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் காலையில் நான் சுவரின் மேல் வைத்த காபி ஆடை கட்டி அப்படியே இருந்தது.

பிறகு நடந்தது உனக்குத்தான் தெரியும், எனக்குத் தெரியாது, ஏனென்றால் நான் காலை ஷிப்டில் இருந்தேன். சாயங்காலம் வந்தால் அவள் போர்ஷனில் பூட்டு. நீ வாசலில் நின்றுகொண்டிருந்தாய். "அத்தை போயிட்டாங்கம்மா. அரக்கோணத்துக்கு அந்தாண்ட தம்பி வீட்டோட இருக்கப் போறாங்களாம். வேலைய விட்டுட்டாங்க. என் நெத்தில சிலுவ போட்டாங்க. யார் மேலயும் வருத்தமில்லைன்னு உங்கிட்டச் சொல்லச் சொன்னாங்க." நான் உன்னை ஒன்றும் கேட்கவில்லை. அடுப்படிக்குப் போய் உலை வைத்தேன். அந்த மௌனத்தைத்தான் நீ இன்றுவரை சுமந்துகொண்டு திரிகிறாய்.

அன்றைக்கு நான் பேசாதது உன் மேல் கோபத்தினால் அல்ல. பின்வாசல் பெண்கள் சங்கதி தெரிந்ததும், அவர்களுக்காக நீ மானேஜரிடம் போய் என்ன கேட்டாய் என்று நான் டீ கெட்டிலோடு நின்று காதால் கேட்டேன். மானேஜர், "அவங்க நம்ம ஆளுங்க இல்லையே தம்பி, காண்ட்ராக்டர் ஆளுங்க. புரோகிராம்ல எப்டிக் கொண்டாறது?" என்றார். நீ குரலை உயர்த்தவில்லை. "சார், அவங்க ரெண்டு நாள் வரலைன்னா என்ன ஆகும்?" "சுருள் தேங்கும்." "தேங்கினா?" "மிஷின நிறுத்தணும்." "அவங்க நின்னா மிஷின் நிக்குது. அப்ப அவங்க வட்டத்துக்கு உள்ள இருக்காங்களா, வெளிய இருக்காங்களா? அன்னைக்கு நான்தான் சார் வட்டத்தச் சின்னதாப் போட்டுட்டேன்." எத்தனை தடவை போனாய், எத்தனை பேரிடம் கேட்டாய். மழைக்காலம் முடிவதற்குள் அந்தப் பெண்களுக்கும் கார்டு வந்தது, டோக்கன் வந்தது. முனியம்மா கை கழுவிக்கொண்டு வந்து, மானேஜர் உட்கார்ந்த அதே மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தாள். "இன்னாக்கா, காத்து ஜில்லுனு கீது" என்றாள். நான்தான் பரிமாறினேன். பின்வாசலில் நின்று வாங்கித் தின்றவள் நான், உட்கார வைத்துப் போடுகிறவளாகவும் ஆனேன். ரோசம்மாளின் இரண்டு படி நல்லதுதான், ஆனால் அது அவளுடைய தயவு. நீ வாங்கிக் கொடுத்தது யார் தயவும் இல்லாத சோறு. இதை நான் உன்னிடம் அன்றே சொல்லியிருக்கவேண்டும். சொல்ல வாய் வந்தது, ஹாலில் அந்தச் சுவரோரம் காலியாக இருந்தது, வந்த வாய் போய்விட்டது. நீ போகிற ஊரிலும் பலகையில் வட்டம் போடுவாய். போடு. மூடுவதற்கு முன்னால் பின்வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு மூடு, அவ்வளவுதான்.

அன்றைக்கு இருந்தவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். ரங்கநாதன் தனக்கு மேலே உள்ளவன் கேட்பான் என்று பயந்தார், பயந்தவனை என்ன செய்ய. குப்புசாமியும் செல்வராஜும் கீதாவும் சிரித்தார்கள், டம்ளர் உருண்டால் யாரும் சிரிப்பார்கள். தனபாலை மட்டும் விட மனம் வரவில்லை. உனக்கு அம்மை வார்த்த அன்று ஐந்து நிமிடம் பிந்தியதற்கு என் அரைநாளை வெட்டினவன். அதையும் போன வாரம் விட்டுவிட்டேன். வயதாகிவிட்டது, பத்துப் பேரை வெறுக்கத் தெம்பு இல்லை, ஒரு ஆளை முழுசாக வெறுக்கலாம். உன்னை மன்னிப்பதற்கு என்னிடம் ஒன்றுமே இல்லை, தம்பி. தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

நேற்று எனக்காக ஒரு காகிதத்தில் படம் வரைந்து சாமி அலமாரிக்குப் பக்கத்தில் ஒட்டினாய். நடுவில் அம்மா என்று வட்டம். பால்காரர், மருந்துக்கடை, மாடி வீட்டுப் பெண், டாக்டர், ஞாயிற்றுக்கிழமை எஸ்.டி.டி. பூத்துக்கு நீ பண்ணும் போன், எல்லாவற்றிலிருந்தும் என்னை நோக்கி அம்பு. மருமகள் ஒரு விளக்குக்கூடப் போட்டு வைத்திருக்கிறாள். நன்றாகத்தான் இருக்கிறது. ராத்திரி நீங்கள் தூங்கிய பிறகு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எல்லா அம்பும் உள்ளே வருகிறது. என்னிடமிருந்து வெளியே போகிற அம்பு ஒன்றுகூட இல்லை. தப்பு உன்னுடையது இல்லை, இருக்கிறதைத்தானே வரைவாய். நான் காபி வைத்தால் எடுக்க ஆளில்லை, கோலம் தாண்டிப்போனால் கத்த ஆளில்லை. பக்கத்துப் போர்ஷனில் கல்யாணமாகாத இரண்டு பையன்கள் வந்திருக்கிறார்கள், என்னைப் பார்த்தால் எழுந்து நின்று வணக்கம் சொல்லுகிறார்கள். வணக்கம் சொல்லுகிறவனோடு எப்படிச் சண்டை போடுவது?

பெண்களுக்கு டோக்கன் வந்ததும் அரக்கோணம் பக்கம் போகிற ஒருவரிடம் சொல்லி அனுப்பினேன். எல்லாம் சரியாகிவிட்டது, வந்துவிடு என்று. பதில் வந்தது: "சந்தோசம்னு சொல்லு. உக்காந்து துன்னட்டும். எனக்கு யார் மேலயும் வருத்தமில்ல." மறுபடியும் அதே வார்த்தை. அந்தப் பெண்கள் வாயில் வந்ததைப் பேசினார்கள், வருத்தமில்லையாம். அத்தனை வருஷம் கிளறின அண்டாவை விட்டுவிட்டுப் போனாள், வருத்தமில்லையாம். என்மேலாவது இருக்கவேண்டாமா? நான் உன் முதுகுக்குப் பின்னால் தலையை ஆட்டினேனே தவிர, கெட்டிலைக் கீழே போட்டாவது அந்தப் பேச்சை நிறுத்தியிருக்கலாம் அல்லவா? அதற்காகவாவது என்னைத் திட்டிவிட்டுப் போயிருக்கக் கூடாதா? திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன். மறுநாள் சுவரின் மேல் ஒரு டம்ளர் இருந்திருக்கும். யாரையும் குறை சொல்லாமல், ஒரு சண்டைகூட மிச்சம் வைக்காமல், நான் இல்லாத நேரம் பார்த்துக் கதவைப் பூட்டிக்கொண்டு போனாள். ஆளைத் தேடாதே என்று நீ பலகையில் எழுதினாய். எனக்கு அமைப்பு புரிந்தது. ஆனால் நான் தேடுவது ஆளைத்தான்.

உன்னோடு நான் வராததற்குக் காரணம் முட்டிவலி இல்லை, விமானப் பயமும் இல்லை. அவள் என்றைக்காவது கோபம் வந்து, என்னை நாலு வார்த்தை கேட்கவேண்டும் என்று பஸ் ஏறி வந்து நின்றால், இங்கே வாசலில் பூட்டு தொங்கக் கூடாது. அதுவரைக்கும் காலையில் நான் இரண்டு டம்ளர் காபிதான் போடுவேன். நீ நெஞ்சில் ஒன்றும் இல்லாமல் போய் வா. பேத்திக்கு வாரத்தில் இரண்டு நாள் தலைக்கு எண்ணெய் வை. நான் மன்னிக்காத ஆள் நீ இல்லை, அந்த ஹாலில் உன்னைப் பார்த்துப் பூரித்துப்போய் உண்மையைச் சொன்னவள், ரோசம்மாள்.